தட்டிப் பார்த்தல்

ஒரே ஆள், ஒரு முழு நாள், மூன்று கோட்டை.
ஏசி வண்டி, மதியச் சாப்பாடு உட்பட
ஆறாயிரத்து ஐந்நூறு.
பேரம் பேசவில்லை துரைக்கண்ணு.
ரசீதில் தொழில் என்னவென்று போட, என்றேன்.
"கட்டடம் இடிக்கிறது."
ஒருநாளாவது இடிக்காமல்
சும்மா பார்க்கணும் என்று ஆசையாம்.

காலை ஒன்பதுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை.
அட்டையைக் காட்டி, பையைத் திறந்து மூடி,
கோப்பும் டிபன் கேரியருமாக நடக்கும் அரசாங்கத்துக்கு
ஒதுங்கி வழிவிட்டு,
என் பாடத்தை ஆரம்பித்தேன்:
ஆயிரத்து அறுநூற்று நாற்பதுகளில்
இது வெறும் மணல்.

அவர் கேட்டதாகத் தெரியவில்லை.
மடக்கிய நடுவிரலால் மதிலைத் தட்டினார்,
டாக்டர் முதுகில் தட்டுவாரே, அப்படி.
காதைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருந்தார்.
"சுண்ணாம்பு. பாளமாப் பெயராது,
மாவாத்தான் கொட்டும். இதுக்கு ரேட் வேற."
மாதா கோயில் கூரை
குண்டுக்கும் அசையாமல் கட்டியது என்றேன்.
அண்ணாந்து பார்த்தார்.
"நாங்களும் மேலேர்ந்துதாம்மா ஆரம்பிப்போம்."

கிழக்குக் கடற்கரைச் சாலை.
ஓட்டுநர் ஜான்பாட்ஷா கண்ணாடியில் சிரிக்கச் சிரிக்க
அவர் எனக்கு வழிகாட்டிக்கொண்டு வந்தார்:
அதோ அந்தக் காலி மனை, அது நான்.
அந்தக் கார் ஷோரூம் நிற்கிற இடத்தில்
ஒரு கல்யாண மண்டபம் இருந்ததே, அதுவும் நான்.
மற்றவர்கள் கட்டியதைக் காட்டுவார்கள்.
இவர் கையில் இருந்ததெல்லாம் வெளி.

சதுரங்கப்பட்டினத்தில் வெயில் செங்கல்லாய்ச் சுட்டது.
டச்சுக்காரர்களின் கல்லறைப் பலகைகளில்
மண்டை ஓடு, எலும்பு, சுருண்ட எழுத்து.
அங்கே மட்டும் தட்டவில்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்,
ஏன் என்று நான் கேட்கவில்லை.
சாப்பாட்டுக்கு வஞ்சிரம் கிடைத்தது.
முள்ளைக்கூட உடைக்காமல் எடுத்தார் மனிதர்.

ஆலம்பரையில் கழிமுகத்தை ஒட்டிச்
சரிந்து கிடந்தன சுவர்கள்.
பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது,
ஆயிரத்து எழுநூற்று அறுபதில்
ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள் என்றதும்
அன்றைக்கு முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.
"எத்தனை ஆள்? எத்தனை நாள்?"
தெரியாது. நான் படித்ததில் இல்லை.
"இடிச்சவன் பேரை எவன் எழுதி வைக்கிறான்."
ஒரு சுற்று நடந்து வந்தார்.
"பாதியில விட்டுட்டுப் போயிருக்கான்.
பில்லு பாஸ் ஆகலை போல."

சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு
உடைந்த மதிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.
படகு ஒன்று போனது. திரும்பியும் வந்தது.

திருவான்மியூர் சிக்னலில் இருட்டிவிட்டது.
உங்களை முதலில் இறக்கிவிடுகிறோம், எங்கே, என்றார்.
வாரியக் குடியிருப்பு, எச் பிளாக்.
"தண்ணி டேங்கை ஒட்டினாப்ல?"
ஆமாம்.
அப்புறம் இரண்டு சிக்னல்.
ஜான்பாட்ஷா ரேடியோவை அணைத்தான்.

"தை பொறந்ததும் அது எனக்கு."
நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், தெரியும்.
யார் என்பதுதான் தெரியாது, என்றேன்.

நான் இறங்கியதும் அவரும் இறங்கினார்.
"இதுக்கும் சொல்லுங்களேன்."
தொண்டையைச் செருமினேன், பழக்கதோஷம்.
கட்டிய ஆண்டு எனக்குத் தெரியவில்லை.
நாற்பத்தெட்டு வீடு, என்றேன்.
ஏழாவது படி உடைசல்,
இங்கே இருப்பவர்கள் இருட்டிலும் தாண்டிவிடுவார்கள்.
மூன்றாம் மாடியில்
துணி காயும் கம்பி எங்களுடையது.
நுழைவுக் கட்டணம் இல்லை.

தலையாட்டிக்கொண்டே கேட்டார்.
கேட்டுக்கொண்டே, காலையிலிருந்து போலவே,
விரல் தானாக மடங்கிச் சுவரைத் தட்டியது.
காதைச் சாய்த்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல்:
"யாரது? வாசல் அந்தப் பக்கம்!"