மிச்சம்

வால்திவியாவிலிருந்து வந்தது கடிதம்.
அங்கே கோடை முடிகிற மார்ச்.
இங்கே கௌனஸில்
நேமுனஸ் ஆற்றுப் பனிக்கட்டி
இரவெல்லாம் பல்லைக் கடிக்கிற மார்ச்.
எவாரிஸ்தோ என்று கையெழுத்து. மூன்றே வரி:

"உங்கள் நிரலகம் நொறுங்கி விழுந்தபோது
சிந்திய நினைவகத்தைக் கிளறிப் பார்த்தேன்.
சாவி அப்படியே கிடக்கிறது, சூடு ஆறாமல்."

இருக்காது என்றேன் திரையிடம்.
வேலை முடிந்த சாவியின் மேல்
சுழியங்களைக் கொட்டி மூடிவிட்டுத்தான்
இடத்தைத் திருப்பித் தருகிறோம்.
வரி நானூற்றுப் பன்னிரண்டு.
ஒன்பது வருடம் முன்பு விதேனிஸ் எழுதியது.
பக்கத்தில் அவன் குறிப்பு:
தட்டைக் கழுவாமல் எழுந்திருக்காதே.

விதேனிஸ் இப்போது க்ளைபேடாவில்
படகு எஞ்சின் விற்கிறான்.
சண்டை ஒன்றுமில்லை.
ஒரு நாள் போதும் என்றான், அவ்வளவுதான்.

வரி இருந்தது.
எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு
இயந்திரம் ஓட்டுவதையே பிரித்துப் போட்டேன்.
நானூற்றுப் பதினொன்று உண்டு.
நானூற்றுப் பதின்மூன்று உண்டு.
நடுவில்
தழும்புகூட இல்லை.

கம்பைலரின் வேலை.
சோம்பல் அல்ல, சிக்கனம்.
உட்கார்ந்து யோசித்திருக்கிறது:
இந்த இடத்தில் எழுதுகிறார்கள்.
எழுதியபின் ஒருவரும் அதை வாசிப்பதில்லை.
வாசிக்க ஆளில்லாததை எழுதுவானேன்?
நீக்கிவிட்டது. சொல்லவும் இல்லை.
அதன் சட்டப்படி அது நியாயம்.
காதல் கடிதம் எழுதுகிறவர்கள்
தயவுசெய்து கம்பைலரிடம் காட்டவேண்டாம்.

திருத்தம் ஒரே சொல்.
'இந்த இடத்தை வேறு யாரோ பார்க்கக்கூடும்' என்று
அதன் காதில் போடுகிற சொல்.
பொய் சொல்கிறோமோ என்று விரல் தயங்கியது.
பிறகு நினைத்தேன்,
எவாரிஸ்தோ பார்த்தானே.

ஆறு வாரம் வாய் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தம்.
பகலில் எனக்குச் சம்பளம் தருவது
மருத்துவமனை ஆய்வகக் கணினிகள்.
பதினாலிலும் ஓடுவது எங்கள் நிரலகம்.
நாற்பத்திரண்டு காலை
அவற்றின் விசிறிச் சத்தத்தினூடே நடந்தேன்,
எதிரில் வருகிற நண்பரின்
சட்டைப் பொத்தான் கழன்றிருப்பதைக் கண்டும்
வானிலை பேசுகிறவளாக.

வெளியிட்ட நாளில்
உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது.
ஒரு நிறுவனம் கேட்டது:
பதிப்பு எண்ணை ஏன் மாற்றினீர்கள்,
எங்கள் படிவத்தில் பழைய எண் அல்லவா இருக்கிறது?
நன்றி வரியில்
எவாரிஸ்தோவின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தேன்.
அதற்கும் ஒரு திருத்தம் போட்டேன்.
அவன் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான்.
கூடவே, தயங்கித் தயங்கி, இன்னொரு சந்தேகம்.

மாலை என் அடுக்ககக் கதவின் முன் நின்றேன்.
எண்பூட்டு. பத்து எஃகுப் பொத்தான்கள்.
ஆறு மங்கிக் கிடக்கின்றன.
நான்கு மட்டும் விரல் பட்டுப் பட்டு
கரண்டி போலப் பளபளக்கின்றன.
ஒன்பது வருடமாக இந்த வழியாகத்தான்
பாதுகாப்பு எழுத மேலே ஏறியிருக்கிறேன்.

கையுறையைக் கழற்றி
மற்ற ஆறையும் தேய்க்கத் தொடங்கினேன்.
பின்னால் பீட்ரூட் பையுடன் திருமதி குதெலியேனே:
"எண் மறந்துபோச்சா?"
"இல்லை. கதவு மறக்கமாட்டேன் என்கிறது."

அவர் என்னைத் தோளால் விலக்கிக் கை நீட்டினார்.
நாலே அழுத்தல்,
பளபளப்பு இன்னும் ஒரு நூல் கூடியது,
கதவு திறந்தது.
உள்ளே வா, குளிர் ஏறுகிறது என்றார்.