ஏழாவது மாதிரி

முதல் மாதிரி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.
நெற்றியில் இரண்டு விரல் கனத்துக்கு நுரை,
பொட்டு வைக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம்.
ஆய்வகத்தில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து
இரும்புக் குண்டைப் போட்டோம்.
மர மண்டை தாங்கியது.
ஹென்ரிக்கே மாட்டிக்கொண்டு
நாலு எட்டு நடந்தாள். கழற்றினாள்.
"இதற்குள் நான் செவிடு."

மார்பூர்க்கில், லான் ஆற்றங்கரை மைதானத்தில்
செவ்வாய், வியாழன் பயிற்சி.
பந்தின் வயிற்றில் கிலுக்கு.
பந்தைத் தேடிப் போகிறவர்
"வோய்" என்று குரல் கொடுத்தபடி போக வேண்டும்.
அந்த ஒற்றைச் சொல்லில்தான்
ஒரு தலை இன்னொரு தலைக்கு வழி விடுகிறது.
சில சமயம் விடுவதில்லை.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவதில் காதைச் சுற்றி வெட்டினேன்.
மூன்றாவதில் இன்னும் வெட்டினேன்.
"கன்னத்தையும் விடு" என்றாள்.
"பக்கப் பலகை எங்கே நிற்கிறது என்று
எனக்குக் கன்னத்தில்தான் தெரியும்."
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: கன்னம்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பிறகு வெட்கப்பட்டு அதை அடித்தேன்.

நாலாவதும் ஐந்தாவதும் வியர்வையில் போயின.
ஆறாவதில் ஐந்து துளைகள்,
காற்று வர, சூடு போக.
எடை பார்த்தோம், வெப்பம் பார்த்தோம்,
மறுபடி குண்டு போட்டோம்.
ஓடினால் அது என்ன சொல்லும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை, தூறல், கெம்னிட்ஸ் அணியோடு ஆட்டம்.
பத்தாவது நிமிடம் பலகையோரம் வந்து
கவசத்தைக் கழற்றி என் கையில் திணித்தாள்.
"விசிலடிக்கிறது. நீ எனக்குப்
புல்லாங்குழல் செய்து தந்திருக்கிறாய்."
நடுவர் பார்த்தார். நெற்றிப்பட்டை
அங்கே கட்டாயம் இல்லை.

பார்வையாளர்கள் பேசக் கூடாது என்பது விதி.
அதனால் எனக்கு எல்லாமே கேட்டது.
கிலுக்கு. ஈரப் புல்லில் செருப்பாணிகள்.
ஒரே மூச்சில் இரண்டு "வோய்".
பிறகு,
தேங்காயை யாரோ தரையில் வைத்தது போல
ஒரு சின்னச் சத்தம்.

இடது புருவத்தில் நாலு தையல்.
மருத்துவமனை நடைவழியில்
கவசம் என் மடியில்,
நனைந்த பூனைக்குட்டி மாதிரி.
என்ன பேசுவது என்று தெரியாமல்
எங்கள் ஊர்ப் பழமொழி ஒன்றை
ஜெர்மனில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்:
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"ஆனால் தலைப்பாகை
உன் கையில் அல்லவா இருந்தது?"
சிரித்தாள். தையல் இழுத்தது.
"சிரிக்க வைக்காதே" என்று என்னைத்தான் திட்டினாள்.

அறிக்கையில் இதை எழுதவில்லை.
"காற்றுத் துளைகளில் ஒலிச் சிக்கல்" என்று எழுதினேன்.

திங்கட்கிழமை, ஒருவரும் இல்லாத உள்ளரங்கில்
கண்பட்டையைக் கட்டி,
ஆறாவது மாதிரியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
ஓடினேன் என்பது பொய், தவழாத குறை.
ஆனாலும் கேட்டது:
என் நெற்றியே எனக்கு எதிராக
மெல்லிய குரலில் ஊதுவது.
அதற்குப் பின்னால் எங்கோ பந்து.
அதற்கும் பின்னால் சுவர் இருந்திருக்க வேண்டும்.
சுவரை முழங்கை கண்டுபிடித்தது.

ஏழாவதில் துளைகளே இல்லை.
வியர்வை குடிக்க ஒரு கம்பளிப் பட்டை,
துவைத்துப் போடலாம். அழகில்லை.
மேலாளர் மார்க்வார்ட் அதைப் புரட்டிப் பார்த்து
"இது சமையலறைச் சாமான் போல இருக்கிறதே" என்றார்.
நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

ஹென்ரிக்கே மாட்டினாள். தலையை ஆட்டினாள்.
பலகையோரம் ஒரு முறை,
குறுக்கே ஒரு முறை ஓடினாள்.
"சுடுகிறது" என்றாள்.
"காதோரம் முடியை இழுக்கிறது.
தாடைப் பட்டையை எவன் தைத்தான்?"
நான்தான் தைத்தேன்.
"ஆனால் ஊமை" என்றாள்,
ஒரு பொருளை அதைவிட
உயர்வாகச் சொல்ல முடியாது என்பது போல.

எழுத வேண்டியது நிறைய இருந்தது,
முடி, சூடு, தாடை,
எட்டாவதுக்கு வேண்டிய நூல் எண்.
குனிந்து எழுதிக்கொண்டே மைதானத்துக்குள்
எப்போது வந்தேன் என்று தெரியவில்லை.

கிலுக்கு நெருங்கியது.
"வோய்!"

விலகினேன்.