காற்றில் ஊசி

காரைக்குடி பஸ் புதுவயலில் என்னை இறக்கிவிடும்போது
மில்லில் இரண்டாம் அவியல் முடிந்திருக்கும்.
புழுங்கல் வாசம் பையின் ஜிப்புக்குள் நுழைந்து
பஞ்சிலும் ஊசியிலும் படிவத்திலும் ஏறிக்கொள்ளும்.

சேவுகன், வயது முப்பத்தெட்டு, சுமைதூக்குபவர்.
ஆய்வு எண் நாற்பத்தொன்று.
அட்டி சரிந்து எட்டு மூட்டை முதுகில் விழுந்தது
மாசிக் களரிக்கு மறுநாள் என்றார்.
நான் பிப்ரவரி பத்தொன்பது என்று எழுதினேன்.

'கண்ணை மூடிக்கங்க.'
பெருவிரலில் ஊசி. குத்துதா, மழுங்கலா இருக்கா?
'குத்துது.'
குதிகால் ஓரம். 'குத்துது.'
பிறகு ஊசியைக் காற்றில் நிறுத்தி
அதே குரலில் கேட்டேன்.
அப்படித்தான் கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
'குத்துது' என்றார்.

இவ்வளவு வெயிலில் வந்தவளை
வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத ஆள்.
மோர் கொடுப்பதுபோல் எனக்கு ஒரு 'குத்துது'.
மூன்று கட்டத்திலும் பூஜ்யம் போட்டேன்.

இடுப்பில் இரண்டு ஒட்டு, சின்னப் பெட்டி,
பச்சை விளக்கு, தினம் ஒரு மணி நேரம்.
சில பெட்டிகளில் மின்சாரம் வரும்,
சிலவற்றில் விளக்கு மட்டும்.
எது யாருக்கு என்று மதுரையில் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.
எனக்குத் தெரியாது,
தெரியக் கூடாது, அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஐந்தாம் மாதம்
பொன்னழகு குருணை புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல்:
'அந்தப் பொட்டியில ஒண்ணும் வரலீங்க.
எங் கையில ஒட்டிப் பாத்தேன், நாக்குலயும் வச்சுப் பாத்தேன்.
டார்ச்சுக் கட்டையில வர்ற சுருக்குகூட இல்ல.'

நல்ல பெட்டியும் சுருக்கென்று இருக்காது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அது மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?
முறம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.
உமி என் படிவத்தில் வந்து உட்கார்ந்தது.

சேவுகனுக்குச் சிரிப்பு.
'எனக்குப் போன மாசமே தெரியும்.
பொட்டிதானே சும்மா இருக்கு, நானா சும்மா இருக்கேன்?'

மில் சங்கு நாளைக்கு மூன்று தடவை.
ஊதும்போதெல்லாம் காலை எழுப்புகிறாராம்,
ஷிப்டுக்கு நேரமாச்சு, எந்திரி என்று.
கட்டில் காலில் சாக்குக் கயிறு கட்டி
அதைப் பிடித்து உட்கார்ந்து
தொடையைப் பார்த்துக் கத்துகிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்க.
'பழைய கூலி பாக்கி இருக்குன்னு மொரண்டு பிடிக்குதுங்க.'

வலது தொடையில் உள்ளங்கையை வைத்தேன்.
'முட்டியை நீட்டுங்க.'
நீளவில்லை.
ஆனால் விரல்களுக்குக் கீழே
கட்டிய சாக்குக்குள் எலி புரண்ட மாதிரி
ஒன்று.
மறுபடி சொன்னேன். இருந்தது.
மறுபடி. இல்லை.
நெற்றி வியர்த்து, பல்லைக் கடித்து, நான்காவது தடவை
இருந்தது.

ஐந்துக்கு ஒன்று என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம் அழுத்திவிட்டது.

அடுத்த பக்கத்தில் ஒரு கேள்வி, யாரும் நிரப்பாதது:
எந்தப் பெட்டி என்று ஊகிக்க இடம் கிடைத்ததா?
இல்லை என்று போட்டால் அடுத்த மாதமும் நான் வருவேன்.
ஆம் என்றால் வேறொருவர்.
அந்த எலி என் ஆசையில் புரண்டதா என்று
நாளைக்கு எவரும் கேட்கலாம்.
நானே கேட்கலாம், ராத்திரி.
ஆம் என்று போட்டேன்.

'அடுத்த தடவை வேற மேடம் வருவாங்க.'
'அவங்ககிட்டயும் குத்துதுன்னு சொல்லிடுறேன், கவலைப்படாதீங்க.'
'குத்தினா மட்டும் சொல்லுங்க.'
'குத்தலைன்னா?'
'குத்தலைன்னு சொல்லுங்க.'
'அது அவங்களுக்கு ஆகுமா?'
'ஆகும்ங்க. ரொம்ப.'

நம்பாமல் பார்த்தார்.
வெளியே சங்கு ஊதியது.
என்னை மறந்து
கயிற்றை எட்டிப் பிடித்தார்.