தேக்கரண்டி

முதுமைக்கென்று சேர்த்த காசில்
பதினெட்டாயிரம் டாலரை முன்கூட்டி எடுக்க
நாலு படிவம், இரண்டு டாக்டர் கையெழுத்து.
காரணம் எழுதும் இடத்தில்
‘முதுமை வரை நான் இருக்கவேண்டாமா’ என்று எழுதி
அழித்தேன்.
சர்க்கரை, மூட்டு, தூக்கத்தில் மூச்சு நிற்றல்.
அதுவும் பொய்யில்லை.

இரண்டு வாரம் வனிலாத் தூள் மட்டும்.
ஈரல் சுருங்கவேண்டுமாம், கத்திக்கு வழிவிட.
பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் தாளிக்க
ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன்,
திரும்பச் சாத்தினேன்.
புவனேந்திரன் தன் புட்டைக்
காருக்குள் இருந்து சாப்பிட்டான்,
கராஜ் கதவை இறக்கிவிட்டு,
களவெடுத்தவன் போல.

ஜூலை. டாண்டினோங்கில் மழை.
மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றினேன்.
ரோவீனா என்ற தாதி
அகலக் கட்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து
“உங்களுக்குத்தான்” என்றாள்,
அரியாசனம் தருகிறவள் போல.
பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள்.
தமிழில் எண்ணினேன்.
எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கேயோ
என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வெட்டியது வயிற்றை, வலித்தது தோள்.
உள்ளே ஊதிய காற்று
இறங்கமாட்டேன் என்ற பிள்ளை மாதிரி
தோளில் ஏறி இருந்தது மூன்று நாள்.

எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் வயிறு என்பார்கள்.
எனக்கு இப்போது சாண் இல்லை,
ஒரு கதலிப்பழம்.
“மிச்சத்தை என்ன செய்தீர்கள்?”
டாக்டர் பிரென்னனை இதுவரை
யாரும் அதைக் கேட்டதில்லைப் போலும்.
“ஆய்வுக்கூடம் போகும். பிறகு எரித்துவிடுவார்கள்.”

எனக்கு முன்பே
என்னில் ஒரு பங்குக்குக் கொள்ளி.
அதற்குத்தான் எல்லாம் தெரியும்:
இரவு வேலை முடிந்து வந்து
பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே தின்ற குளிர்ந்த சோறு.
அம்மா போன செய்தி வந்த அன்று
ஸ்பிரிங்வேல் பேக்கரியில் வாங்கிய
பன்னிரண்டு கிறீம் பணிஸ்.
யாருக்கும் சொல்லாததை
அதற்குத்தான் சொன்னேன்.

ஆறாம் வாரம், ஆசைக்கு, ஒரு பிடி சோறு.
பிடியில்லை, விரல்நுனி.
நெஞ்சுக்குள் கல்லாய் நின்றது.
சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்,
குழாய் சொட்டுவதை எண்ணிக்கொண்டு.

நாலாம் மாதம் தலைமுடி கொட்டியது.
குளியலறைத் துவாரத்தில் கறுப்புப் பூனைக்குட்டி.
அந்தக் கிழமைதான் கிளென் வேவர்லியில் கல்யாணம்.
“என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ?
முகம் வாடிப்போச்சு.”
போன வருடம் ‘கொஞ்சம் குறைக்கலாமே’ என்ற
அதே வாய்.
“நடக்கிறன் மாமி” என்றேன்.
நடந்ததைச் சொல்லவில்லை.

புவனேந்திரன் ஓர் இரவு
“கை இப்ப எட்டுது” என்றான்.
சொன்னதும் வெட்கப்பட்டு
லைட்டை அணைத்தான்.
நான் அழுதேன். எதற்கென்று பிடிபடவில்லை.
தொங்கும் தோலை அவன் மடித்தான்,
துவைத்த சேலை போல, கவனமாக.

நடுவில் ஒன்று சொல்லாமல் விட்டேன்.
நான் நோபிள் பார்க்கில்
முதியோர் இல்லத்தில் ஊட்டும் வேலை செய்கிறவள்.
பதினோராம் அறை நோரீன்
வாயைத் திறக்கவே மாட்டாள்.
முன்பு எனக்கு அவள் மேல் பொறாமை,
பசிக்காத ஒருத்தி மேல்.

வேலைக்குத் திரும்பிய முதல்நாள்
அவள் கிண்ணத்தில் மசித்த பூசணி.
என் டப்பாவிலும் மசித்த பூசணி.
கதவைச் சாத்திவிட்டு எதிரே இருந்தேன்.
ஒரு தேக்கரண்டி அவளுக்கு.
விழுங்கும்வரை காத்திருந்தேன்.
ஒரு தேக்கரண்டி எனக்கு.
அவள் காத்திருந்தாள்.
வெளியே யாரோ தள்ளுவண்டியைச்
சுவரில் இடித்துத் திட்டினார்கள்.
நாலாவதில் அவள் உதட்டை மூடி
கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
“நீ சாப்பிடு, கண்ணே.”
“இல்லை, போதும்” என்றேன்.
சொன்னது யாரென்று
அறையைத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்
பேக்கரி வாசலில்
கார் தன்பாட்டில் வேகம் குறைந்தது.