கடல்மட்டத்தில் மூடியது

அரிகா துறைமுகத்தில் லாரி நிறைய ஏற்றியது
உருளைக்கிழங்கு வறுவல்.
கிழங்கு பிறந்த மலைக்கே
கிழங்கைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறேன்.
சிரிக்க வேண்டாம்,
டீசல் போக மிச்சம் நிற்கிறது.

கீழே இருக்கும்வரை பொட்டலங்கள்
மத்தியானத்து நாய்களாய்த் தளர்ந்து கிடக்கும்.
புத்ரே தாண்டியதும் ஒவ்வொன்றாய் உப்பும்.
உள்ளே யாரும் ஊதவில்லை.
வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த கை
மேலே ஏற ஏறச் சோர்ந்துபோகிறது,
அவ்வளவுதான்.
உள்ளிருப்பது முதுகை நிமிர்த்துகிறது.
சில வெடிக்கும்.
முதல் தடவை துப்பாக்கி என்று பிரேக்கை மிதித்தேன்.
வெடித்தவை என் கூலியில் கழியும்.

டயர் வேறு கதை.
சுங்குரா ஏரிக்கரையில் இரவு மைனஸ் பதினைந்து.
முள் இறங்கியிருக்கும்; தேடினால் ஓட்டை இராது.
குளிரில் காற்றுக்கும் ஓடியாடி இடிக்கத் தெம்பில்லை.
அது புரியாத வருடத்தில்
ராத்திரியே பம்பை எடுத்து அடித்தேன், அடித்தேன்.
மறுநாள் இறக்கத்தில், பாலைவனத் தாரில்,
பின்சக்கரம் ஒன்று
என்னைக் கேட்காமல் போய்விட்டது.
இப்போது விடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

செவேரோவுக்கு
இருபத்தொரு வருடத் தகரச் சுரங்கம்
நுரையீரலில் மாவாய்ப் படிந்திருக்கிறது.
"கீழே போய் இருங்கள், அங்கே காற்று நெருக்கம்,
ஒரு மூச்சில் ஒன்றரை மூச்சு கிடைக்கும்"
என்றாள் டாக்டர்.
"கீழே என்னை யாருக்குத் தெரியும்?"
என்றான் இவன், எல் ஆல்டோவின் தகரக் கூரையைப் பார்த்து.

அதனால்தான் அந்தப் பாட்டில்.
இரண்டு லிட்டர் சோடா பாட்டிலைக் கழுவி,
கப்பல் நிற்கும் படிக்கட்டில்
அலை காலைத் தொடும்போது திருகி மூடினேன்.
பைத்தியம்தான்.
திறந்த நொடியில் பரவி
ஊர்க்காற்றோடு ஊர்க்காற்றாகிவிடும்,
தெரியும்.
ஆனாலும் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஏறினேன்.
மலை உச்சிக்குள் அது
தட்டினால் மத்தளம்போல் பேசியது.

சுங்கச் சாவடியில் ஒயார்சுன் அதை அமுக்கிப் பார்த்தார்.
"உள்ளே என்ன?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லாதது இவ்வளவு முறுக்காக இருக்குமா, அம்மணி?"

திருகினார்.
புஸ்.

முகத்தில் பட்டதைத் துடைத்துக்கொண்டார்,
எதுவும் படாதபோதும்.
பிறகு மரியாதையாக மூடித் திருப்பிக் கொடுத்தார்,
தம் கணவாயின் காற்றை உள்ளே வைத்து.

வீடு கணவாய்க்குக் கீழே.
போய்ச் சேர்வதற்குள் பாட்டிலின் இடுப்பில்
ஒரு சின்னப் பள்ளம்.
அடுப்பில் குக்கரின் குண்டு ஆடிக்கொண்டிருந்தது.
எங்கள் ஊரில் தண்ணீர் அவசரமாய்க் கொதித்துவிடும்,
கிழங்கு வேகாது;
ஆவியை மூடிபோட்டு மிரட்டினால்தான் வேலை நடக்கும்.

"உன் கடல் ஒடுங்கிப்போச்சே, காசிமிரா"
என்றான், பள்ளத்தைத் தடவி.
ஒயார்சுன் கதையைச் சொல்ல வாய் எடுத்தேன்.
அதற்குள் மூடியைத் திருகிவிட்டான்.

டக்.
பள்ளம் நிமிர்ந்தது.
வெளியே எதுவும் வரவில்லை.
பாட்டில்தான் சமையலறையிலிருந்து
ஒரு மடக்கு இழுத்துக்கொண்டது,
அவன் இழுப்பதைப்போலவே,
கொஞ்சம்.

வாயை மூக்கருகில் வைத்து மோந்தான்.
"உப்பு வாடை வருதா?" என்றேன்.
"வருது" என்றான்.

குக்கரை இறக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது மூடியை இறுக்கிக்கொண்டிருந்தான்,
கொஞ்சம் மிச்சம் வைப்பவனைப்போல.