பதினோராம் கட்டம்

ஆய்வுப் படிவத்தின் பதினோராம் கட்டம்
மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கிறது.
எழுபத்தாறு கிலோமீட்டர் என்று எழுதினேன்.
புஷ்பராணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"கிலோமீட்டர யாரு கண்டா?
ஆறு மணி பஸ்ஸு.
குஞ்சப்பனையில ஒரு வாந்தி,
மேட்டுப்பாளையம் வந்தா இன்னொண்ணு.
ஒரு நாள் கூலி போச்சு.
திரும்பையில ரோட்டுல யானை நின்னா
ராத்திரி பஸ்ஸுலயே."

கட்டம் சிறியது.
யானைக்கு அதில் இடமில்லை.

அவளுக்கு முன்பே அவளில் ஒரு துண்டு
மலையிறங்கிப் போயிருந்தது:
கருப்பை வாயில் கிள்ளிய
அரிசிமணி அளவுச் சதை,
ஃபார்மலின் குப்பியில், கண்டக்டர் சீட்டுக்கு அடியில்,
டிக்கெட் இல்லாமல்.
அதற்குக் குமட்டவில்லை.
அதன் கூலியை யாரும் வெட்டவில்லை.
மெழுகில் உறைந்து, மெல்லச் சீவப்பட்டு,
ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கண்ணாடியில் ஏறி
எங்கள் கட்டுரையில் இரண்டாவது படமாக இருக்கிறது.

அவள் இரண்டு முறை வந்தாள்.
மூன்றாவது தவணையில் மழைக்குப் பின் கொழுந்து பொங்கியது;
லீவு இல்லை.
நான்காவதில் மண் சரிந்து ரோடு இல்லை.
ஐந்தாவதில் கணினி என்னிடம் காரணம் கேட்டது:
இறப்பு, விருப்பமின்மை, பக்கவிளைவு,
தொடர்பு அற்றவர்.
ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த பக்கம்.

அழுத்தவில்லை. பஸ் ஏறினேன்.
ஏழாம் நம்பர் காட்டில், மூன்றாவது நிரையில்,
இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு நின்றாள்.
செக்ரோலைக் காட்டினார் கங்காணி,
அவள் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட விடுபடவில்லை.
"இங்கதான இருக்கு. யாரு தொலைச்சது?"

கை நிற்காமல் அவள் கேட்டாள்:
"புது மருந்து கேக்குதா?"
வந்தவர்களுக்குக் கேட்கிறது என்றேன்.
"யாரு வந்தவங்க?"
கூடைக்குள் இரண்டு இலை, ஒரு மொட்டு.

மாதக் கூட்டத்தில்
புள்ளியியல் பார்க்கும் பத்ரிநாத் சொன்னார்,
விடுபட்டவை தற்செயல் என்று கொள்ளலாம்,
முடிவை அது பாதிக்காது.
நல்ல மனிதர். கணக்கில் பொய் சொல்லமாட்டார்.
விடுபட்ட பத்தொன்பது பேரையும்
வரைபடத்தில் ஒவ்வொரு பொட்டாக வைத்துக் காட்டினேன்.
பதினேழு பொட்டு செக்போஸ்டுக்கு மேலே.
தற்செயல் இப்படி மூச்சு வாங்க மலையேறுமா?
டாக்டர் ஷெரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்.

ஆடி முதல் வியாழன்தோறும்
கோத்தகிரி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இரண்டு கட்டில்.
மருந்து குளிர்பெட்டியில் மலையேறி வருகிறது.
முதல் வாரம் மூன்று பேர்.
பத்தொன்பதில் நான்கு பேருக்கு
இனி எந்தக் கட்டிலும் தேவையில்லை;
அந்த வரிசையில் மட்டும்
இறப்பு என்று நான் அழுத்தினேன்.

ஐந்தாம் வாரம் புஷ்பராணி வந்தாள்.
கட்டி முன்னைவிடப் பெரிது.
நரம்பு கிடைக்கவில்லை; மூன்றாவது குத்தில் கிடைத்தது.
தேயிலைக் கறை ஏறிய விரல்களை விரித்து
படிவத்தைக் காட்டினாள்:
"அரை நாள் சம்பளம் போச்சு. அதையும் எழுதிக்க."

எழுதினேன், பதினோராம் கட்டத்தில்,
கிலோமீட்டரை அடித்துவிட்டு:
முன்பு இரண்டு வாந்தி, ஒரு கூலி, ஒரு யானை.
இப்போது அரை நாள்.

சாயங்காலம் பத்ரிநாத் போன் செய்தார்.
பதினொன்றில் ஏதோ தட்டச்சுப் பிழை போலிருக்கிறதே,
இது என்ன அலகு?