மூன்றாவது கடிதம்

சன்னலுக்கு வெளியே உலான்பாட்டர்
நிலக்கரி மூச்சு விடுகிறது. மைனஸ் முப்பத்தொன்று.
நூலகத்து வெப்பக் குழாயின்மேல் காலுறைகளைக் காயப்போட்டுவிட்டு
என்னை நானே அளந்துகொண்டிருக்கிறேன்.

நான்குக்கு மூன்று புள்ளி ஒன்று.
ஐஇஎல்டிஎஸ் ஆறரை, எழுத்தில் மட்டும் ஆறு.
வெப்ப இயக்கவியலில் ஒரு சி.
அந்தப் பருவம் முழுக்க இரவுகளில்
பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தேன்.
'ஒரே வரியில் சொல்லிவிடு, அழாதே'
என்கிறது ஜெர்மனிக்குப் போய்விட்ட சீனியரின் குரல்பதிவு.
ஒரே வரியில் சொல்லிவிட்டேன்.
அந்த வரியில் பனியும் இல்லை
பெட்ரோல் வாசமும் இல்லை.

தலைமைப் பண்புக்குச் சான்று தருக.
விடுதியின் மூன்றாம் மாடியில் குழாய் உறைந்தபோது
வாளிகளை வரிசையில் நிறுத்தியது கணக்கில் வருமா?
தெமூலென் சிரித்தான்:
'நெருக்கடிக்கால வள மேலாண்மை என்று போடு.'
போட்டேன்.
நானே என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வேன் போலிருந்தது.

கடிதங்கள் மூன்று வேண்டும்.
முதலாவது துறைத்தலைவருடையது. எல்லோருக்கும் ஒன்றே,
பெயரை மட்டும் மாற்றுவார்.
என் கடிதத்தில் இரண்டு இடங்களில் நான் ஆண்.
இரண்டாவதை வானிலை நிலையத்து அம்மையார் தந்தார்:
நான்கு வரி, நான்கும் உண்மை.
மூன்றாவது, பேராசிரியர் தம்தின்சுரேன்.
'நேரமில்லை. நீங்களே எழுதி வாருங்கள்,
கையெழுத்துப் போடுகிறேன்.'

என்னைப் பற்றி, அவர் குரலில், நான்.
'இவர் மிகச் சிறந்த' வரை மூன்று முறை போய்த் திரும்பினேன்.
தெமூலெனுக்கும் அதே உத்தரவு.
இருவருக்கும் கனடாவில் அதே பல்கலைக்கழகம்,
அதே ஒற்றை உதவித்தொகை.
அவன்தான் சொன்னான்:
'உன்னுடையதை நான் எழுதுகிறேன். என்னுடையதை நீ.'

அவனை நன்றாக எழுத எழுத
என் நாற்காலி நகர்வது கேட்டது.
'கண்டுபிடித்தார்' என்றிருந்ததை
'உதவினார்' என்று ஆக்கினேன்.
படுத்தேன்.
இரண்டு மணிக்கு எழுந்து
பழைய சொல்லைத் திரும்ப வைத்தேன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

காலையில் அவன் எழுதியது வந்தது.
நான் சுயவிவரத்திலிருந்து வழித்தெறிந்த இடத்தில்
தொடங்கியிருந்தான்:

'கெர் குடியிருப்புகளில் நாங்கள் வைத்த
பன்னிரண்டு புகை அளவிகளில் ஐந்து
கடுங்குளிரில் பொய் சொல்லின.
கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. கேக்கும் வெட்டியாகிவிட்டது.
ஓயுன்பிலெக் மறுநாள் வந்து
எண்கள் தவறு, திரும்பப் பெறுவோம் என்றார்.
ஒரு வாரம் அவரோடு யாரும் பேசவில்லை.
நானும்.'

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
'துணிச்சல்' என்று ஓரிடத்தில் இருந்தது, அடித்தார்.
'அசாதாரண' என்பதையும் அடித்தார்.
'நானும்' என்ற இடத்தில் பேனா நின்றது.
எந்த நான் என்று அவர் கேட்கவில்லை.
ஹீட்டர் ஒருமுறை இருமியது.
அந்தச் சொல்லை விட்டுவைத்து
கீழே கையெழுத்திட்டார், வழக்கத்தைவிடச் சிறிதாக.

விண்ணப்பக் கட்டணத்தை
என் அட்டை இரண்டு முறை மறுத்தது.
மூன்றாம் முறை தெமூலெனின் அட்டை.
'வென்றால் திருப்பிக் கொடு,
தோற்றால் நானும் தோற்றிருப்பேன், பரவாயில்லை'
என்றான். கணக்கு சரியில்லைதான்.
அவன் மட்டும் வென்றால்?
இருவரும் அதைக் கேட்கவில்லை.

கெடு இங்கே முடிந்துவிட்டது.
அங்கே இன்னும் நேற்று மாலை.
அனுப்பும் முன் ஒருமுறை மேலே போனேன்.
'வெளியீடுகள்' என்ற தலைப்பின்கீழ்
காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினேன்:
ஒன்று. திரும்பப் பெறப்பட்டது.
என் வேண்டுகோளின்பேரில்.

பிறகு காலுறையைத் தொட்டுப் பார்த்தேன்.
குதிகாலில் இன்னும் ஈரம்.
அப்படியே போட்டுக்கொண்டு
பேருந்துக்கு ஓடினோம்.